பொழுது சாயும் முன் போன பார்சல்கள்

செல்லாத நோட்டு அறிவிப்பு வருவதற்கு முந்தைய வருடம், திண்டிவனத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பழைய லேப்டாப்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். புதுச்சேரியில் அலுவலகங்கள் மொத்தமாகக் கழித்துப் போடுபவற்றை வாங்கி வருவேன். ராம், ஹார்ட் டிஸ்க், சார்ஜர் என்று தனித்தனியாகக் கழற்றி, சோதித்து, துடைத்து, ஆன்லைன் சந்தை ஒன்றில் விற்பேன். மின்னணுப் பொறியியல் முடித்திருந்தேன். படிப்புக்கேற்ற வேலை அமையவில்லை என்று உறவினர்கள் வருத்தப்பட்டார்கள். எனக்கு இது படிப்புக்கேற்ற வேலையாகத்தான் தெரிந்தது.

அம்மாவின் தம்பி சென்னையில் ஒரு கால் சென்டரில் எனக்காகப் பேசி வைத்திருந்தார். ஒரு வருடம் இதைச் செய்து பார்க்கிறேன், ஓடவில்லையென்றால் அங்கே வந்துவிடுகிறேன் என்று மாமாவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது என் விற்பனைக் கணக்கு மைனஸுக்குப் போனது.

அது எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பொருள் போய்ச் சேர்ந்த சில நாட்களில் சந்தைக்காரர்கள் பணத்தை என் வங்கிக் கணக்கில் போட்டுவிடுவார்கள். வாங்கியவர் அதன் பிறகு புகார் செய்து, அவர் சொல்வது சரியென்று பட்டால், அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பேரில் பற்று எழுதுவார்கள். அந்தப் பணத்தில் நான் ஏற்கெனவே அடுத்த சரக்கு வாங்கியிருப்பேன். அப்போது கணக்கில் தொகைக்கு முன்னால் ஒரு சிறு கோடு விழும். அந்தக் கோடு இருக்கும்வரை நான் கடன்காரி.

முதல் புகார் நாக்பூரிலிருந்து வந்தது. பெட்டியில் ராம் இல்லை, உப்பு இருக்கிறது என்று எழுதி, படமும் அனுப்பியிருந்தார்கள். கல்லுப்பு. தண்ணீர் ஏறிய சாம்பல் நிறம். நான் சிரித்தேன் என்றுதான் நினைவு. அடுத்து ஜெய்ப்பூர். அடுத்து குவாஹாத்தி. அப்புறம் சிரிக்கவில்லை. எல்லாப் படங்களிலும் உப்பை மடித்திருந்தது தமிழ்ச் செய்தித்தாள். ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திண்டிவனம் விற்பனைக்கூடத்தின் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விலை நிலவரம் அதில் தெரிந்தது. மல்லாட்டை மண்டி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பா தினமும் காலையில் முதலில் பார்க்கும் பத்தி அது.

அந்தத் தாளே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. உங்கள் ஊர்ச் செய்தித்தாளில் மடித்த உப்பு உங்கள் பெட்டிக்குள் இருந்திருக்கிறது, ஆகவே அது உங்கள் இடத்தில்தான் வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று சந்தையின் பெங்களூர் அலுவலகத்திலிருந்து மரியாதையாக எழுதினார்கள். நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். கடன் எழுபதாயிரத்தைத் தாண்டியது. விற்பனைப் பக்கத்தை முடக்கினார்கள்.

புகார்களைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தினேன். எதையும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். உப்பாக மாறிய பெட்டிகள் எல்லாம் கார்த்திகையில் அடுத்தடுத்த சில நாட்களில் வீட்டைவிட்டுப் போனவை. அதற்கு முன்னும் பின்னும் போனவை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தன. ராமும் ஹார்ட் டிஸ்க்கும்தான் போயிருந்தன. சார்ஜர்களை யாரும் தொடவில்லை. எடுத்த ஆளுக்குப் பொருளின் மதிப்பு தெரிந்திருக்கிறது.

இங்கே எங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் செஞ்சிப் பக்கத்துச் சமணர்கள்; ஊரில் எங்களை நயினார் என்பார்கள். மேல்சித்தாமூருக்கு அருகில் பூர்வீகம். திண்டிவனத்துக்கு வந்து வெகுகாலமானாலும், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் வழக்கம் மாறவில்லை. அப்பாவுக்கு இன்னும் மூன்று விதிகள் உண்டு. சாப்பிடும்போது பேசமாட்டார். பாதியில் எழுந்தால் அந்த வேளைச் சாப்பாடு அதோடு முடிந்தது. மறுபடி உட்காரமாட்டார். இருட்டிய பிறகு தண்ணீரும் குடிக்கமாட்டார்.

பார்சல் எடுக்க வரும் அண்ணன் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துக்காரர். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். அவருக்கு மட்டும் படகில் ஏறினால் குமட்டுமாம். அதனால் பைக்கில் போகிறேன் என்பார். கோடையில் அவர் வரும்போது நான் வாசலில் நிற்பேன். அவர் ஒவ்வொரு பெட்டியாக எண்ணி, பட்டியலின் இரண்டு பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டு, ஒன்றை எனக்குத் தருவார். ஐப்பசி பிறந்து பொழுது சுருங்கியதும் அவர் வரும் நேரமும் எங்கள் சாப்பாட்டு நேரமும் ஒன்றாகிவிட்டன. அப்பா மண்டியிலிருந்து வந்து குளித்து உட்காரவும் பைக் சத்தம் கேட்கவும் சரியாக இருக்கும்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் நான் எச்சில் கையோடு எழுந்து ஓடினேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்த அண்ணனே வழி சொன்னார்.

"நீ ஏன் தங்கச்சி எந்திரிச்சி எந்திரிச்சி ஓடியார? ஸ்டூல் மேல வச்சிட்டுப் போ. நானே எண்ணி எடுத்துக்கினு, சைன் பண்ணி வச்சிட்டுப் போறேன்."

அன்றிலிருந்து கிரில் கதவுக்கு உள்ளே, செருப்பு விடும் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் பெட்டிகளை அடுக்கி வைத்தோம். பட்டியல் காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு பழைய சார்ஜரை வைப்பேன். நாங்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்போம். "எடுத்துக்கினேன் தங்கச்சி" என்று குரல் வரும். கிரில் சத்தம் கேட்கும். பைக் போய்விடும். கை கழுவிவிட்டு வந்து கையெழுத்தான பிரதியை எடுத்து வைப்பேன்.

கார்த்திகையில் சில நாட்கள் "எடுத்துக்கினேன் மேடம்" என்று குரல் வந்தது. முதல் நாளே அம்மா என் பக்கம் குனிந்து, "என்னாடி, தங்கச்சி போயி மேடமாயிட்ட?" என்று கிசுகிசுத்தாள். எல்லோரையும் மேடம் என்று கூப்பிடச் சொல்லி மேலே உத்தரவு வந்திருக்கும் என்றேன். எட்டிப் பார்க்கவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டேன்.

புகார்களை வரிசைப்படுத்திய மறுநாள் அந்த அண்ணனை வாசலில் நிறுத்திக் கேட்டேன். அன்று வேகமாகச் சாப்பிட்டு முடித்திருந்தேன். பட்டியலில் இருந்த தேதிகளைப் படித்ததும் அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"இன்னா தங்கச்சி, எங்கிட்ட வந்து நிக்கிற? அந்த நாள்லல்லாம் நான் இங்க ஏது? ஊர்ல அண்ணன் பொண்ணு கல்யாணம். பந்தியில நின்னு பாயசம் ஊத்திக்கினு இருந்தேன்."

"லீவு போட்டதை எங்ககிட்ட சொல்லவே இல்லியே அண்ணே?"

"சொல்லாம போவனா? நீ புதுச்சேரி போயிருந்த அன்னிக்கி, தோ, இந்த ஜன்னலாண்ட நின்னுதான் நயினார்கிட்ட சொன்னேன், அவரு தனியா சாப்டுக்கினு இருந்தாரு. நாளைலேர்ந்து வேற ஆளு வருவான், ஏஜென்சிக்காரன், புதுசு, நீங்களே எண்ணிக் குடுங்கன்னு. நல்லா தலைய ஆட்டுனாரு."

அப்பா உள்ளே கடைசி வாய் மோரைக் குடித்துக்கொண்டிருந்தார். கை கழுவித் துடைத்து, துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

"ஆமாம். சொன்னாரு," என்றார். "சாப்பிட்டு எழுந்ததும் சொல்லணும்னு இருந்தேன். கை கழுவறதுக்குள்ள மறந்துட்டேன்."

அந்த அண்ணன்தான் சங்கடப்பட்டார். "தப்பு எம்மேலதான் நயினாரே. சாப்புடுற ஆளாண்ட போயி சொன்னேன் பாரு."

அம்மா உள்ளிருந்தே சொன்னாள்: "அவரு தலையாட்டுனதே பெருசு. தாலி கட்டுன அன்னிக்கி எனக்கே ஆட்டல."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அந்த அண்ணன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மண்டியில் அப்பா செய்கிற வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். மூட்டை தராசில் ஏறி, இறங்கி, வாங்கியவர் வண்டியில் ஏறும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார். வண்டியில் ஏறும்வரை சரக்கு நம் பொறுப்பு என்பார். டீ வந்தாலும் தராசின் பக்கத்திலேயே நின்று குடிப்பார். இதை நான் அவரிடம் நினைவுபடுத்தவில்லை. அவராக நினைத்துக்கொண்டிருப்பார்.

பார்சல்கள் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போய்த்தான் வெளியூர் லாரி ஏறும். புறவழிச்சாலை ஓரம், நெல் குடோனாக இருந்த ஒரு கட்டடம். அங்கே போனேன். மேற்பார்வையாளருக்கு என் வயதுதான் இருக்கும். கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மேடம், கவுன்ட்டு கரெக்டா இருக்கு. சைன் இருக்கு. வெயிட்டும் கரெக்ட். நாங்க இன்னா பண்ண முடியும்?"

"வெயிட் கரெக்டா இருக்கணும்னுதான் உப்பு வச்சிருக்காங்க."

"அப்ப நல்லா வேலை தெரிஞ்சவன்தான்," என்றார், கிட்டத்தட்ட மரியாதையுடன்.

அண்ணனுக்குப் பதிலாக வந்த ஆளை அனுப்பிய ஏஜென்சியின் எண்ணைக் கொடுத்தார். அந்த ஆள் இப்போது அவர்களிடம் வேலையில் இல்லை, போன் அணைந்திருக்கிறது, கொடுத்த முகவரியில் வேறு குடும்பம் இருக்கிறது என்று ஏஜென்சியில் சொன்னார்கள். அவன்தான் எடுத்தான் என்பதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை. பெட்டிகள் அவன் கையில் இருந்தபோது மாறினவா, குடோனில் மாறினவா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் வாசலிலேயே யாராவது எண்ணிக் கொடுத்திருந்தால், கொடுத்தோம் என்றாவது அடித்துச் சொல்லியிருக்கலாம்.

போலீசில் புகார் கொடுத்த ரசீது இருந்தால் மறுபடி பரிசீலிப்போம் என்று சந்தைக்காரர்கள் எழுதினார்கள். ஸ்டேஷனுக்கு அப்பாவும் வந்தார். புகார் எழுதும் காவலர் பேனாவை மூடித் திறந்தபடி கேட்டார்.

"எங்கம்மா திருடு போச்சி? வீட்லயா, வண்டியிலயா, விழுப்புரத்துலயா?"

"அது தெரியல சார்."

"தெரிஞ்சாத்தான எந்த ஸ்டேஷன்னு சொல்ல முடியும்? சரி, அவன் வந்து எடுக்கறப்ப வீட்ல யாரும் இல்லியா?"

"எல்லாரும் இருந்தோம் சார். சாப்பிட்டுக்கினு இருந்தோம்."

"சாயங்காலம் அஞ்சரைக்கா?"

"நாங்க நயினார் வீடு சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "திருடனுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல."

ரசீது கிடைத்தது. அதை அனுப்பினேன். புகாரில் களவு நடந்த இடம் குறிப்பிடப்படாததால் கடனைத் தள்ளுபடி செய்ய இயலாது என்று பதில் வந்தது. ஆனால் ஒரு வழி கொடுத்திருந்தார்கள். தவறு ஏன் நடந்தது, இனி நடக்காமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று விளக்கி எழுதினால் பக்கத்தைத் திறந்துவிடுவார்கள். அதன் பிறகு விற்கும் ஒவ்வொரு பொருளின் பணத்தையும் கடனுக்கு எடுத்துக்கொள்வார்கள். விளக்கம் ஏற்கப்படவில்லையென்றால் கணக்கை நிரந்தரமாக மூடிவிடுவார்கள். கடனை மட்டும் தனியாகக் கேட்பார்கள்.

மாமா போன் செய்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அம்மாவுக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது.

"எதுக்கு இந்தப் பேஜாரு? அக்கா பேர்ல புதுசா ஒரு கணக்கு தொறந்துக்கினு போயிக்கினே இரு. அவன் பெங்களூர்லேர்ந்து வந்து கதவ தட்டப் போறானா?"

"கடன் மாமா."

"கடன் வாங்குனவன்தான் கடன்காரன். நீ எதுவும் வாங்கலியே. தொலச்சிருக்க, அவ்ளோதான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதை அப்பாவிடம் சொன்னேன்.

"நாக்பூர்காரன் காசு குடுத்தான் இல்ல?"

"குடுத்தான்."

"நம்ம சரக்கு அவன் கைக்குப் போய்ச் சேந்துதா?"

"இல்ல."

"அப்ப என்ன," என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு மண்டிக்குப் போனார்.

விளக்கத்தை எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், பார்சல் எடுக்கும் நேரத்தில் வீட்டில் பொறுப்பான நபர் எவரும் இருக்கவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதினேன். சுருக்கமாக, அலுவலகம் புரிந்துகொள்ளும்படி இருந்தது. அனுப்புவதற்கு முன் அப்பா கேட்டார்.

"என்னம்மா எழுதின? படி."

தமிழில் படித்துச் சொன்னேன்.

"பொய்யா எழுதியிருக்கியே. எல்லாரும் வீட்லதான இருந்தோம்?"

"வேற எப்படிப்பா எழுதறது? அவங்களுக்கு இதெல்லாம் புரியாது."

"புரியறது அவங்க பாடு. சாப்பிட்டோம்னு எழுது. ஆள் மாறுறாங்கன்னு அப்பாகிட்ட சொன்னாங்க, அவர் சொல்லாம விட்டுட்டார்னு எழுது."

"அப்பான்னு எழுதணுமா?"

"வேற யாரு?"

கட்டத்தை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். எங்கள் மதத்தில் பொழுது சாய்ந்த பின் சாப்பிடமாட்டோம், குளிர்காலத்தில் அந்த நேரமும் பார்சல் எடுக்கும் நேரமும் ஒன்று, ஆகவே ஆளைப் பார்க்காமலே கொடுத்தோம், ஆள் மாறுவதை என் அப்பாவிடம் சொல்லியும் அது என்னிடம் வந்து சேரவில்லை. இனி ஒவ்வொரு பெட்டியையும் நேரில் நின்று எண்ணிக் கொடுப்போம். அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது இது தேறாது என்றுதான் நினைத்தேன். மாமா சொன்ன கால் சென்டரின் பெயரை நெட்டில் தேடி, பஸ் வழியைக்கூடப் பார்த்து வைத்தேன்.

ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு இரண்டே வரியில் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, கணக்கு திறக்கப்பட்டது. படித்தவர் யார், என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியவே இல்லை.

அதன் பிறகு நான் ஐந்து மணிக்கே, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை மாதிரி, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். சில நாள் பசிக்கவே பசிக்காது. சாப்பிட்டுவிட்டு வாசலில் நிற்பேன். அந்த அண்ணன் வருவார். ஒவ்வொரு பெட்டியாக நான் சொல்ல அவர் குறிப்பார். விற்பது நான், பணம் போவது பெங்களூருக்கு. டேப்புக்கும் பெட்டிக்கும் ஆகும் செலவுக்காக அக்கம்பக்கத்துக் கணினிகளைப் பழுது பார்த்தேன். ஒரு வருடம் என்பதை ஒன்றரை வருடமாக்கும்படி மாமாவிடம் கேட்டேன். "நீ என்ன அந்தக் கம்பெனிக்குக் கொத்தடிமையா?" என்றார். ஆனால் சரி என்றார்.

தை மாதத்தில் ஒருநாள் சரக்கு பார்க்கப் புதுச்சேரி போயிருந்தேன். திரும்பும்போது வழியில் பஸ் நின்றுவிட்டது. அம்மாவை எண்ணிக் கொடுக்கச் சொல்லலாம் என்று போன் செய்தேன். அவள் போன் வழக்கம்போல அரிசி டப்பா மேல் அடித்துக்கொண்டிருந்திருக்கும். வேறு வண்டி பிடித்துத் தெருமுனையில் இறங்கியபோது எங்கள் வீட்டு முன்னால் பைக் நின்றது.

கிரில் கதவைத் திறந்துகொண்டு அப்பா வெளியே நின்றார். வலது கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். விரல்களில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. இடது கையால் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுக் காட்டினார். வாயைத் திறக்கவில்லை. அந்த அண்ணன் சத்தமாக எண்ணினார். கடைசிப் பெட்டி பைக் பையில் விழுந்து, பையின் வாய் கட்டப்படும்வரை அப்பா அங்கேயே நின்றார். மண்டியில் நிற்பது போலவே.

"சாப்பாட்டுலேர்ந்தா எந்திரிச்சி வந்தீங்க நயினாரே? ஒரு கொரல் குடுத்திருந்தா நின்னுக்கினு இருந்திருப்பேனே."

அப்பா அவரைப் பார்த்தார். குரல் கொடுப்பதும் பேசுவதுதானே. அந்த அண்ணனுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். பட்டியலை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

எதிர்வீட்டு மாடித் தொட்டியில் இன்னும் வெயில் இருந்தது. இருட்ட நேரம் இருந்தது. அப்பா குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். உள்ளே அவர் தட்டில் பாதிச் சோறும் மல்லாட்டைத் துவையலும் அப்படியே இருந்தன. அம்மா குளித்துவிட்டு அப்போதுதான் வந்தாள். தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை. மறுநாள் காலை வரை அவர் எதுவும் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. ராத்திரி விற்பனைக்கூட விலைகளை இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

கடன் தீர ஆவணி ஆயிற்று. கடைசியாகப் போனது ஒரு ஹார்ட் டிஸ்க், சேலத்துக்கு. அது போய்ச் சேர்ந்து சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் கணக்கைத் திறந்தபோது தொகைக்கு முன்னால் இருந்த கோடு இல்லை. கடன் போக நாற்பத்தொரு ரூபாய் எனக்கு வரவேண்டும் என்று காட்டியது. மாமாவிடம் சொல்வதற்கு முன் அப்பாவிடம் சொல்ல உள்ளே போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, கடன் முடிஞ்சிடுச்சி."

தலையை ஆட்டினார்.

நான் சுவரில் சாய்ந்து காத்திருந்தேன். அவர் மோர் குடித்து, எழுந்து, கை கழுவி, துண்டைக் கொடியில் போட்டதும் மறுபடியும் சொன்னேன்.